சிறுவர்களுக்கு ஏன் தனி நீதிமன்றம்? செங்கல்பட்டு வரை நீளும் மேரி கார்பென்டரின் கதை

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கருங்குழியில் ஒரு வீடு. ராத்திரி பத்து மணி ஆகியும் 16 வயசுப் பையன் வீடு திரும்பவில்லை. அப்பாவுக்கு போன் வருகிறது. பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஸ்டேஷனில் இருக்கிறான் என்கிறார்கள். அம்மா அழ ஆரம்பிக்கிறார். ஜெயிலில் போட்டுவிடுவார்களா, வக்கீலுக்குப் பணம் எங்கே போவது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா, நாளைக்கு ஊர் என்ன பேசும்?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, ஜெயிலில் போட முடியாது. லாக்கப்பிலும் வைக்க முடியாது. அவன் போகவேண்டிய இடம் வழக்கமான கோர்ட் இல்லை, இளைஞர் நீதிக் குழுமம்.

இது நமக்கு இன்று சாதாரண விஷயமாகத் தெரியலாம். 170 வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் கிட்டத்தட்ட எங்கேயுமே இப்படி இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் கொலைக் குற்றவாளியும் ஒரே சிறையில் இருந்த காலம் அது. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் மேரி கார்பென்டர். இங்கிலாந்துக்காரர். ஆனால் அவர் கதையின் ஒரு நுனி கருங்குழியிலிருந்து கொஞ்ச தூரத்தில், செங்கல்பட்டில் இருக்கிறது.

(சொல்லவேண்டிய ஒரு விஷயம்: கருங்குழி என்றதும் வள்ளலார் நினைவுக்கு வந்தால், அது வடலூர் பக்கம், கடலூர் மாவட்டத்தில் இருக்கும் கருங்குழி. நாம் பேசுவது மதுராந்தகம் தாலுகா கருங்குழி பேரூராட்சி.)

யார் இந்த மேரி கார்பென்டர்?

1807 ஏப்ரல் 3ஆம் தேதி இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் பிறந்தார். அப்பா லான்ட் கார்பென்டர் ஒரு பாதிரியார், யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். மேரிக்கு பத்து வயதாகும்போது குடும்பம் பிரிஸ்டல் நகருக்கு வந்தது. அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு தையல், பியானோ அளவில்தான் படிப்பு. ஆனால் லான்ட் கார்பென்டர் தன் மகளை ஆண் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்து லத்தீன், கிரேக்கம், கணக்கு, அறிவியல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

இருபது வயதில் மேரி சில காலம் வேறு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை பார்த்தார். 1829ல் அம்மா, தங்கைகளோடு சேர்ந்து பிரிஸ்டலில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி.

1833ஆம் வருஷம் அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு பேர் பிரிஸ்டலுக்கு வந்தார்கள். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த ராஜா ராம்மோகன் ராய். லான்ட் கார்பென்டரின் விருந்தினராக செப்டம்பரில் வந்தவர், அதே மாதம் 27ஆம் தேதி காய்ச்சலில் இறந்துபோனார். 26 வயது மேரியின் மனதில் இந்தியா என்ற பெயர் அப்போது பதிந்தது. அது செயலாக மாற 33 வருஷம் ஆனது.

இன்னொருவர் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த ஜோசப் டக்கர்மன். ஏழைகள் மத்தியில் வேலை செய்தவர். ஒருநாள் அவரும் மேரியும் பிரிஸ்டலின் ஏழைத் தெரு ஒன்றில் நடந்துபோனபோது, கந்தல் உடுத்திய ஒரு சிறுவன் சந்திலிருந்து ஓடிவந்து இவர்களைத் தாண்டி மறைந்துவிட்டான். அந்தப் பையனின் பின்னாலேயே போய் அவன் வீடு எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும் என்று டக்கர்மன் சொன்னார். மேரி அதை மறக்கவேயில்லை. இன்று சிறார் வழக்கில் நன்னடத்தை அலுவலர் வீடு தேடி வந்து விசாரிக்கிறாரே, அதன் விதை இந்தத் தெருவில் இருக்கிறது என்றால் மிகையில்லை.

1840ல் அப்பா கடல் பயணத்தில் கப்பலிலிருந்து தவறி விழுந்து இறந்தார். மேரி நொறுங்கிப்போனார். மீண்டு எழுந்தபோது அவர் கவனம் முழுக்க தெருப் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருந்தது.

கந்தல் பள்ளி

1846ல் பிரிஸ்டலின் லூயின்ஸ் மீட் பகுதியில் கந்தல் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். பெயரே அதுதான். கிழிந்த உடையோடு, செருப்பில்லாமல், பேன் தலையோடு வரலாம், யாரும் துரத்தமாட்டார்கள். வந்த பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாதி பேர் பிக்பாக்கெட், பாதி பேர் பிச்சை. பாடம் நடக்கும்போது அடிதடி, பாதியில் எழுந்து ஓட்டம்.

மேரி அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு பையன் சில வாரம் வரமாட்டான். விசாரித்தால் சிறையில் இருப்பான். திரும்பி வரும்போது முன்பைவிட மோசமாக வருவான், புது திருட்டு வித்தை நாலு கற்றுக்கொண்டிருப்பான். மறுபடி சிறை, மறுபடி தெரு. தண்டனை கொடுக்கக் கொடுக்கக் குற்றம் வளர்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

1851ல் இதைப் புத்தகமாக எழுதினார். அதில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். வெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி. தெருவில் திரிந்து கெட்டுப்போகும் நிலையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் தொழிலும் தரும் பள்ளி. ஏற்கெனவே குற்றம் செய்துவிட்டவர்களுக்குச் சீர்திருத்தப் பள்ளி. அவர் வைத்த பெயர்களில் அபாயகரமான வகுப்பார் என்ற சொல்லும் உண்டு. இன்றைக்குப் படித்தால் காதில் இடிக்கும். ஆனால் பிரிவு நிலைத்துவிட்டது. நம் சட்டத்தில் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை என்று இரண்டு வகை இருக்கிறதே, அந்த யோசனையின் தொடர்ச்சிதான் அது.

வைட் தீவில் அரசாங்கம் நடத்திய பார்க்ஹர்ஸ்ட் சிறுவர் சிறையையும் அந்தப் புத்தகத்தில் வெளுத்து வாங்கினார். சிறுவர்களுக்கு மட்டும் என்று தனிச் சிறை கட்டிவிட்டால் போதாது, உள்ளே காலில் விலங்கு மாட்டினால் அதுவும் சிறைதான் என்பது அவர் வாதம்.

சட்டம் வந்தது, ஆனால் 14 நாள்!

1851 டிசம்பரில் பர்மிங்காமில் மாநாடு, அடுத்த வருஷம் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியம் என்று அவர் ஓயவில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 1852ல் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் தானே ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் திறந்துவிட்டார். பையன்கள், பெண்கள் இருவரையும் சேர்த்து நடத்திப் பார்த்தார், சரிவரவில்லை. 1854ல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ரெட் லாட்ஜ் என்ற பழைய மாளிகையில் பள்ளி தொடங்கினார். கவிஞர் பைரனின் மனைவிதான் அந்தக் கட்டடத்தை வாங்கிக் கொடுத்தவர். இன்று அது ஒரு அருங்காட்சியகம்.

அதே 1854ல் இளம் குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நீதிபதி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். மேரிக்கு வெற்றிதான். ஆனால் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. பள்ளிக்குப் போகும் முன்னால் அந்தப் பிள்ளை குறைந்தது 14 நாள் சிறையில் இருந்தே ஆகவேண்டும். தப்பு செய்தவனுக்குத் தண்டனையே இல்லாமல் நேராகப் பள்ளியா என்று கேட்டவர்களைச் சமாதானப்படுத்த வைத்த ஷரத்து அது.

மேரி இதைக் கடைசிவரை எதிர்த்தார். ஒரு பிள்ளை சிறைக் கதவை ஒருமுறை தாண்டிவிட்டால் தன்னைப் பற்றி அது நினைப்பதே மாறிவிடும் என்பது அவருடைய அனுபவம். அந்த 14 நாள் நிபந்தனை முழுதாக நீங்கியது 1899ல். அவர் இறந்து 22 வருஷம் கழித்து.

ரெட் லாட்ஜில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கட்டுப்பாடு, வேலை, பைபிள் என்று ஒழுங்கு கடுமையானதுதான். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வருஷக்கணக்கில் வைப்பது சரியா என்ற கேள்வி அவரை அதிகம் உறுத்தியதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வி பின்னால் நம் ஊரில் வேறு முகத்தோடு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் 1897ல் செய்த திருத்தம், அந்தச் சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் அடைக்க அரசுக்கு வழிவிட்டது. மேரியை அதற்குப் பொறுப்பாளி ஆக்க முடியாது. ஆனால் சீர்திருத்தம் என்ற சொல்லை அதிகாரம் எதற்கெல்லாம் பயன்படுத்தும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

மேரி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1858ல் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்தார்.

59 வயதில் இந்தியப் பயணம்

1866ல், அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் வீட்டு மூலையில் ஓய்வெடுக்கும் வயதில், மேரி கப்பல் ஏறினார். பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா. அகமதாபாத்தில் அவரை வரவேற்றவர் சத்யேந்திரநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் அண்ணன், ஐசிஎஸ் தேர்வில் வென்ற முதல் இந்தியர்.

போன இடமெல்லாம் அவர் முதலில் கேட்டது இரண்டு இடங்களைப் பார்க்க: பெண்கள் பள்ளி, சிறைச்சாலை. முதலாவதில் ஆசிரியை இல்லை, ஆண் வாத்தியார்கள்தான். அதனால் பெண் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டார்கள். ஆசிரியைகளை உருவாக்கப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டாவதில் அவர் பார்த்தது அவருக்குப் பழகிய காட்சி, பெரியவர்களோடு அடைக்கப்பட்ட சிறுவர்கள்.

அப்போது இங்கே சட்டம் எப்படி இருந்தது? 1860 இந்திய தண்டனைச் சட்டப்படி ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்வது குற்றமே அல்ல. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்வதன் விளைவு புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். (இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த விதி 20, 21ஆம் பிரிவுகளாக அப்படியே தொடர்கிறது.) அதற்கு மேல் போனால்? 1864ஆம் வருஷச் சட்டம் ஒன்று சிறுவர்களுக்குச் சவுக்கடி கொடுக்க அனுமதித்தது. சிறை அல்லது சவுக்கு, பெரும்பாலான ஊர்களில் அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில் ஒரு விபத்தும் நடந்தது. 1866 டிசம்பரில் கல்கத்தா அருகே உத்தர்பாரா பெண்கள் பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, உடன் வந்த ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் குதிரை வண்டி கவிழ்ந்தது. வித்யாசாகருக்குப் பலத்த அடி. அதன் பாதிப்பு அவரை ஆயுள் முழுக்க விடவில்லை.

மேரி மொத்தம் நான்கு முறை இந்தியா வந்தார். கடைசிப் பயணம் 1875-76. அவர் திரும்பிப்போன அதே 1876ல் இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் நிறைவேறியது. 16 வயதுக்கு உட்பட்ட பையன்களை சிறைக்குப் பதிலாக 2 முதல் 7 வருஷம் வரை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். 18 வயதுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காக ஒலித்த குரல்களில் அவருடையது பலமான ஒன்று.

அடுத்த வருஷம், 1877 ஜூன் மாதம், பிரிஸ்டலில் தூக்கத்திலேயே இறந்தார். 70 வயது. அடக்கம் செய்த இடம் ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம். ராம்மோகன் ராயின் சமாதி இருப்பதும் அங்கேதான்.

செங்கல்பட்டுக்கு எப்படி வந்தது?

1876 சட்டத்தைப் பின்பற்றி 1880களின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் பையன்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். தச்சு, நெசவு மாதிரி கைத்தொழில்கள் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வகைப் பள்ளிகளின் அடிப்படை. பெயர் பிறகு பல தடவை மாறியது. இன்று அது அரசினர் சிறப்பு இல்லம்.

ஆனால் கவனியுங்கள், பள்ளி வந்துவிட்டதே தவிர தனிக் கோர்ட் வரவில்லை. பையனை விசாரித்தது பெரியவர்களை விசாரித்த அதே மாஜிஸ்திரேட், அதே கூண்டு. சிறுவர்களுக்கென்றே தனி நீதிமன்றம் முதன்முதலில் 1899ல் அமெரிக்காவின் சிகாகோவில், குக் கவுண்டியில் வந்தது. தண்டனை தருவதற்கு அல்ல, இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்ப்பதற்கு ஒரு கோர்ட் என்பது அன்று புதுமை. இங்கிலாந்து 1908ல் பின்பற்றியது. இந்தியாவில் முதலில் செய்தது நம் மாகாணம்தான்: 1920ஆம் வருஷ சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922லும் பம்பாய் 1924லும்தான் வந்தன. இதைச் சொல்லிக்கொள்ள நாம் ஏனோ கூச்சப்படுகிறோம்.

நாடு முழுக்க ஒரே சட்டம் வர 1986 ஆகிவிட்டது. 2000ல் புதுச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 2016 ஜனவரி 15 முதல்.

இத்தனைக்குப் பிறகும் சிறைக் கதவு பற்றி மேரி எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு சிறப்பு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் சிறார் இல்லங்களை எப்படிச் சீர்படுத்துவது என்று பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை 2023ல் அரசு அமைத்தது. அந்தச் சிறுவன் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் கீழே வருகிறது.

சரி, கருங்குழிப் பையனுக்கு இப்போது என்ன நடக்கும்?

குற்றம் நடந்த அன்று 18 வயது முடியவில்லை என்றால் அவன் சட்டப்படி குழந்தை. விசாரணை முடிவதற்குள் 18 தாண்டிவிட்டாலும் குழுமமே தொடர்ந்து விசாரிக்கும். எனவே பெற்றோர் முதலில் தேடவேண்டியது வயதுச் சான்று. பள்ளிக்கூடத்தில் உள்ள பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பேரூராட்சி, ஊராட்சி, நகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பலர் ஆதாரை நீட்டுகிறார்கள். வயது நிரூபிக்க இந்தச் சட்டம் சொல்லும் பட்டியலில் ஆதார் இல்லை.

ஒருவேளை வயதைத் தவறாக எழுதி, பெரியவர்கள் கோர்ட்டில் ஆஜர்படுத்திவிட்டால்? பயப்பட வேண்டாம். அப்போது எனக்கு 18 ஆகவில்லை என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும் வைக்கலாம். வழக்கு முடிந்து தண்டனை வந்த பிறகும்கூட வைக்கலாம்.

போலீஸ் பக்கம் என்ன விதி? பிடித்த குழந்தையை குழந்தைகள் நல காவல் அலுவலரிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ ஒப்படைக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

பைக் திருட்டு மாதிரி, அதிகபட்சம் மூன்று வருஷத் தண்டனைக்குரிய குற்றங்களை சட்டம் சிறு குற்றம் என்கிறது. இதற்கு வழக்கமான எஃப்ஐஆர் போடுவதில்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்ஐஆர் வருவது கொடுங்குற்றம் என்றால், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் என்றால் மட்டும். அதனால்தான் அண்ணன் வயசு ஆட்களோடு பையன் சேர்ந்து சுற்றுவது வீட்டாருக்கு நிஜமாகவே கவலைப்படவேண்டிய விஷயம்.

குழுமத்தில் உட்கார்ந்திருப்பது யார்? ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். உயரமான மேடை, சாட்சிக் கூண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. சட்டப்படி மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு குழுமம். கருங்குழிக்காரர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்டக் குழுமம்.

ஜாமீன்தான் எல்லோரும் கேட்பது. இந்தச் சட்டத்தில் ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்று குழுமம் கருதினால் மட்டும் மறுக்கலாம், காரணத்தையும் எழுதவேண்டும். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்த மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். காசில்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஜாமீன் இல்லை என்றாலும் போவது சிறைக்கு அல்ல, கூர்நோக்கு இல்லத்துக்கு.

வக்கீல்? இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் நேரடியாக அணுகலாம், போன் 15100.

அடுத்து வருகிறவர் நன்னடத்தை அலுவலர். வீடு, பள்ளி, நண்பர்கள், வருமானம், அப்பா குடிப்பாரா என்பது வரை விசாரித்து இரண்டு வாரத்தில் அறிக்கை தரவேண்டும். இங்கே பல பெற்றோர் செய்யும் தவறு, வீட்டுக் கஷ்டத்தை மறைப்பது. மானம் போய்விடும் என்று எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்த அறிக்கையை வைத்துத்தான் பையனுக்கு என்ன உதவி வேண்டும் என்று குழுமம் முடிவெடுக்கிறது. உள்ளதைச் சொல்வதுதான் பையனுக்கு நல்லது.

விசாரணை நான்கு மாதத்தில் முடியவேண்டும், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு அதோடு முடித்துவைக்கப்படும்.

தப்பு செய்தான் என்று தெரியவந்தாலும் பெரும்பாலும் கண்டித்து வீட்டுக்கு அனுப்புவது, கவுன்சலிங், சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு. பள்ளிக்குத் தவறாமல் போகவேண்டும் என்றும் உத்தரவிடலாம். கடைசி வழியாகச் சிறப்பு இல்லம், அதிகபட்சம் மூன்று வருஷம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 16 வயது முடிந்தவர், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் என்ற அளவுக்குக் கொடுங்குற்றம் செய்ததாகப் புகார் என்றால், குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்து வழக்கை குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே பெரியவர் போலவே விசாரிக்க வழி இருக்கிறது. அப்போதும் மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

குழுமத்தின் உத்தரவு சரியில்லை என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

குற்றமே செய்யாத, ஆனால் ஆதரவில்லாத, வேலைக்கு அனுப்பப்படும், அடிபடும் பிள்ளை என்றால் அது இந்தக் குழுமத்துக்கு வராது. அதற்கு ஐந்து பேர் கொண்ட குழந்தைகள் நலக் குழு தனியாக இருக்கிறது. 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் பண்ணலாம்.

இப்போது போனில் இதைப் படிப்பவர்களுக்கு. தெருவில் பைக் எடுத்த பையனின் சிசிடிவி காட்சி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால், முகத்தோடு அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். வழக்கில் சிக்கிய குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்களைப் போன்ற செய்தி நிறுவனங்களுக்கும் இதே சட்டம்தான்.

வழக்கு முடிந்த பிறகு? பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. பின்னாளில் அவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது அந்தப் பழைய வழக்கைத் தோண்டினால், வக்கீலிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.